வண்டிச் சத்தம்: எங்கே என்பதற்கு முன் எப்போது

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூரின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. எங்கள் ஏழு இருக்கை எஸ்.யூ.வி.யை அந்தத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. பொங்கல் கழிந்த ஒரு நாள் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வேகம் அறுபதைத் தொட்டதும் இடது முன்பக்கத்திலிருந்து 'ஊ' என்றொரு முனகல் கிளம்பியது. பட்டறையில் போய், இடது முன் வீல் பேரிங் (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் தாங்கி) போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொன்னேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பினால், ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் அதே முனகல் அதே இடத்திலிருந்து கேட்டது. உண்மையில் தேய்ந்திருந்தது வலது பேரிங்.

காது இப்படி ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. வண்டியின் உடல் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்த இரும்புத் தகடு. சக்கரத்தில் பிறக்கும் அதிர்வு அந்தத் தகட்டின் வழியே ஓடி, எந்த இடம் அதற்கு வசப்படுகிறதோ அங்கே ஒலியாக வெளிப்படுகிறது. ஆகவே சத்தம் கேட்கும் இடத்தை நம்பி உதிரிப்பாகம் வாங்குவது சூதாட்டத்துக்குச் சமம். சத்தம் எந்தச் சூழ்நிலையில் பிறக்கிறது, எந்தச் சூழ்நிலையில் அடங்குகிறது என்பதோ அந்தப் பாகத்தின் வேலையோடு நேரடியாகத் தொடர்புடையது. வேகத்தோடு கூடுகிறதா, இன்ஜின் சுழற்சியோடு கூடுகிறதா, திருப்பும்போது மட்டும் வருகிறதா, பிரேக் மிதித்தால் நிற்கிறதா என்று கண்டுபிடித்துவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும். புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கும், பழைய வண்டியை முதன்முறையாகத் தாமே பார்த்துக்கொள்ள முன்வருகிறவர்களுக்கும் இந்த வழிமுறையை விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

உடனே நிறுத்த வேண்டிய சத்தங்கள்

ஆராய்ச்சிக்கு இடம் தராத சத்தங்கள் சில உண்டு. இன்ஜினுக்குள்ளிருந்து சுத்தியலால் தட்டுவதைப் போன்ற கனமான இடி கேட்டு, அதோடு சிவப்பு நிற ஆயில் விளக்கும் எரிந்தால், சாலையோரம் ஒதுங்கி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டி வரும். பிரேக் மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் 'கரகர' சத்தம் வந்தால் பேடு, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை, முழுவதும் தேய்ந்து அதன் தகடு டிஸ்க்கைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று அடித்து, ஸ்டீயரிங்கும் கையில் ஆடினால், முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டிய அடுத்த நாள் இது வந்தால் வேறெதையும் சந்தேகிக்கத் தேவையே இல்லை. நட்டை முறுக்கும் சக்கரச் சாவி வண்டியிலேயே இருக்கும். குறுக்கு நெடுக்காக ஒவ்வொரு நட்டையும் முறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு வண்டியோடு வந்த கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும்.

வண்டியைக் காலி செய்தல்

இந்தப் படியைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் குடும்ப வண்டிகளில் வரும் சத்தங்களில் கணிசமானவை வண்டியுடையவை அல்ல, நம்முடையவை. பின்பக்கத் தட்டை அகற்றினால் ஜாக்கி, சக்கரச் சாவி, இழுவைக் கொக்கி ஆகியவை தத்தம் பள்ளத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒருமுறை எடுத்துத் திரும்ப வைத்தவர் ஜாக்கியின் திருகை அரைச் சுற்று இறுக்காமல் விட்டிருந்தால், ஒவ்வொரு குழியிலும் அது 'லொட லொட' என்று பேசும். ஸ்பேர் வீல் பிடிக்கும் போல்ட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

எங்கள் வண்டியில் சில மாதங்கள் ஒரு 'டிக் டிக்' வந்துகொண்டிருந்தது. நான்கு பேர் சென்றால் வரும். ஏழு பேர் சென்றால் வராது. அதிகச் சுமையில் சத்தம் நிற்கிறதென்றால் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தை உடலோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டியிருந்த வேளையில், மூன்றாம் வரிசையில் யாரும் உட்காராதபோது அங்குள்ள சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மீது தொங்கி ஆடுவதை என் மகள் காட்டினாள். விரல் நுனியால் அதைப் பிடித்தாள், சத்தம் நின்றது. விட்டாள், மறுபடி வந்தது. ஏழு பேர் போகும்போது அந்தப் பெல்ட்டை யாரோ அணிந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கதவுப் பைகளிலுள்ள தண்ணீர் பாட்டில், குடை, முன்பெட்டியில் கிடக்கும் சில்லறை, இருக்கைக்கு அடியில் உருளும் தேங்காய் வரை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுபோனால் இந்தக் கட்டுரையை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

இரண்டு நாள் குறிப்பேடு

அடுத்து ஒரு சிறு நோட்டும், உடன் வர ஓர் ஆளும் வேண்டும். ஓட்டுகிறவர் எழுதக் கூடாது. உடன் வருகிறவர் எழுத வேண்டும். ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்துவிட்டு, போக்குவரத்து குறைந்த காலை நேரத்தில் ஒரே பாதையை இரண்டு நாள் ஓட்டுங்கள். கடலூரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் பாதை இது: மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலை வரை மெதுவாக ஒரு முறை, கேப்பர் மலை ஏற்றத்தில் இன்ஜின் திணறுமளவுக்குச் சற்று உயர்ந்த கியரில் ஒரு முறை, பிறகு நான்கு வழிச் சாலையின் வழுவழுப்பான பகுதியில் எண்பது வரை ஒரு முறை. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பகுதியின் நேரான வீதிகளில், உயரமான மதில்களை ஒட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு விடியற்காலையில் மெதுவாக ஓட்டினால், சக்கரத்தின் சத்தம் மதிலில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். ஒருபக்க மதிலை ஒட்டிப் போய், அதே வீதியின் மறுபக்க மதிலை ஒட்டி மீண்டும் போனால், இரண்டு பக்கச் சக்கரங்களையும் தனித்தனியாகக் கேட்டுவிடலாம். கைப்பேசியில் பதிவு செய்வதும் நல்லது. ஆனால் கனத்த, தாழ்ந்த சத்தங்களைக் கைப்பேசியின் மைக் சரியாகப் பிடிப்பதில்லை.

நோட்டில் எழுத வேண்டியவை: இன்ஜின் குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா, வேகம் எவ்வளவு, எந்த கியர், நேராகச் சென்றோமா திரும்பினோமா, ஆக்சிலரேட்டர் மிதித்திருந்ததா விட்டிருந்ததா, பிரேக்கில் கால் இருந்ததா, சாலை எப்படி இருந்தது, முந்தின இரவு மழை பெய்ததா. இவற்றோடு சத்தத்தின் பெயரையும் எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குப் பேருதவி செய்கிறது: கடகட, கரகர, லொடலொட, கிணுகிணு, கீச்கீச் என்று பள்ளியில் படித்த இரட்டைக்கிளவிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாற்றைக் காட்டும். மஞ்சக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மூத்த மெக்கானிக், வண்டியைத் தொடுவதற்கு முன், "கடகடன்னு வருதா, லொடலொடன்னு வருதா சார்?" என்றுதான் கேட்பார். முன்னது இறுக்கமாக இருக்க வேண்டிய பாகத்தில் விழுந்த இடைவெளி. பின்னது தளர்ந்து தொங்கும் தகடோ மூடியோ.

நின்ற இடத்தில் வருகிறதா?

குறிப்பேடு கையில் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தால் சத்தம் வருகிறதென்றால், சக்கரமும் சஸ்பென்ஷனும் ஒரே அடியில் கழிந்துவிடும். நின்ற இடத்தில் வராமல் ஓடும்போது மட்டும் வந்தால், வெற்றுச் சாலையில் அறுபதில் செல்லும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இன்ஜின் சுழற்சி இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம். இந்தச் சோதனையின்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கக் கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்கின் உதவி விசையும் போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் நியூட்ரலுக்குப் பதிலாக, கையால் மாற்றும் வசதியில் ஒரு கியர் குறைத்து, அதே வேகத்தில் சுழற்சியை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும்.

நின்ற இடத்துச் சத்தங்களில் மிகப் பழகியது, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வரும் 'கீச்'. ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் போன்றவற்றைச் சுழற்றும் பெல்ட்டிலிருந்து அது வருகிறது. சோதிக்க ஒரு தெளிப்புப் புட்டியில் வெறும் தண்ணீர் போதும். இன்ஜின் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் சிறிது தெளியுங்கள். சில விநாடி சத்தம் நின்று பிறகு திரும்பினால், பெல்ட்டின் வரிகள் தேய்ந்திருக்கும் அல்லது புல்லி ஒன்று நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கும். தெளித்தவுடன் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். பெல்ட் மீது எண்ணெயோ மெழுகோ தடவுவது தற்காலிக அமைதியையும் நிரந்தரச் செலவையும் தரும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி ஆகியவற்றோடு ஓடும் இன்ஜின் அருகே குனியக் கூடாது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை.

குளிர்ந்த இன்ஜினில் ஓரிரு விநாடி 'டிக்டிக்' கேட்டு அடங்குவது பெரும்பாலும் இயல்பே. அடங்காவிட்டால் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பாருங்கள். டீசல் வண்டியில் இன்ஜெக்டர்களின் தட்டல் எப்போதும் இருப்பதுதான். புதிதாக வாங்கியவர்கள் பானட்டைத் திறந்துவைத்துக் கேட்டு அஞ்ச வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய ஒன்று, சைலன்சர் குழாயின் மேல் பொருத்திய வெப்பத் தடுப்புத் தகடு. கடற்காற்றின் உப்பு, அந்தத் தகட்டின் போல்ட் ஓட்டையைச் சுற்றி அரித்துவிடும். பிறகு குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும், ஓட்டை டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதைப் போன்ற சத்தம் எழும். வண்டி முழுவதும் ஆறிய பிறகு அடியில் கைவிட்டுக் குழாயை விரல் முட்டியால் தட்டினாலே தெரிந்துவிடும். புதுத் தகடு வாங்கத் தேவையில்லை. குழாயையும் தகட்டையும் சேர்த்துச் சுற்றிவரும் அளவுக்குத் துருப்பிடிக்காத கிளிப் ஒன்றைப் போட்டு முறுக்கினால் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

கிளட்ச் பக்கம் ஒரே ஒரு சோதனை. நியூட்ரலில் கிளட்சை மிதிக்கும்போது சத்தம் தோன்றினால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதிக்கும்போது சத்தம் மறைந்து, விட்டால் வந்தால் கியர் பெட்டியின் உள்ளே உள்ள பேரிங். இரண்டுக்கும் கியர் பெட்டியை இறக்கியாக வேண்டும் என்பதால், ரிலீஸ் பேரிங் மாற்றும்போதே கிளட்ச் தட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வேகத்தோடு கூடும் முனகல்

இனி என்னை ஏமாற்றிய அந்த 'ஊ'. இதற்கு இரண்டு காரணங்கள் போட்டி போடும்: வீல் பேரிங், டயர். இரண்டும் வேகத்தோடு கூடும். இரண்டும் நியூட்ரலிலும் தொடரும். பிரித்தறிய மூன்று வழிகள் உள்ளன.

சாலையை மாற்றிப் பாருங்கள். சொரசொரப்பான சாலையிலிருந்து வழுவழுப்பான சாலைக்கு மாறும்போது சத்தத்தின் தன்மை சட்டென்று மாறினால் டயரின் மீது சந்தேகம் வலுக்கும். பேரிங் எந்தச் சாலையிலும் ஒரே குரலில்தான் முனகும்.

அடுத்து, உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும் கை, எதிர்த் திசையில் ரம்பத்தின் பற்களைத் தடவுவது போல் தடைபட்டால், டயர் சமமின்றித் தேய்ந்திருக்கிறது. முன்பின் டயர்களை இடம் மாற்றினால் முனகலும் இடம் மாறும். அலைன்மென்ட்டோ (சக்கரங்கள் நிற்கும் கோணம்) காற்றழுத்தமோ சரியாக இல்லாததே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த அளவை ஒருமுறையேனும் படியுங்கள்.

மூன்றாவதுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை. காலியான அகலச் சாலையில், முனகல் கேட்கும் வேகத்தில் சென்றுகொண்டே, ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் சற்றே வளையுங்கள். இடப்பக்கம் வளைந்தால் வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாயும். அப்போது முனகல் கூடினால் பழுது வலப்பக்கம். வலப்பக்கம் வளையும்போது கூடினால் பழுது இடப்பக்கம். நான் காதை நம்பியதற்குப் பதிலாக இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் முதல் பேரிங்கின் பணம் மிஞ்சியிருக்கும்.

உறுதி செய்துகொள்ளச் சக்கரத்தைத் தூக்கிவைத்து, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு ஒரு கையைச் சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங் மீது இலேசாக வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் அமைதியாக இருக்கும். கெட்ட பேரிங்கில் மணலை அரைப்பது போன்ற நடுக்கம் ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேரும். காது தவறவிடுவதைக் கை பிடித்துக்கொள்கிறது.

பேரிங்கை மாற்றுவதை வீட்டில் முயல வேண்டாம். பல வண்டிகளில் அதை அழுத்திப் பொருத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். மேலும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உணரி படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். திருப்பிப் போட்டுவிட்டால் ஏ.பி.எஸ். விளக்கு அணையவே அணையாது. வெள்ளநீரில் ஓடிய வண்டியென்றால் ஒரு பக்கம் போன சில மாதங்களில் மறுபக்கமும் போகக்கூடும். எங்கள் வண்டியில் தவறுதலாக மாற்றிய இடது பேரிங்கைப் பற்றி நான் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

குழியில் விழும்போது வரும் இடி

மழைக்காலம் முடிந்ததும் கடலூர் மாவட்டத்துச் சாலைகளில், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களும் லாரிகளும் பள்ளங்களை இன்னும் ஆழப்படுத்தியிருக்கும். அப்போது பட்டறைகளுக்கு வரும் புகார்களில் முதன்மையானது, முன்பக்கம் 'டக் டக்' என்று அடிக்கிறது என்பது. பலரும் உடனே ஷாக் அப்சார்பரை மாற்றிவிடுகிறார்கள். அது விலை கூடிய பாகம். பல நேரங்களில் குற்றவாளியோ சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு.

அதன் வேலையைப் புரிந்துகொண்டால் சோதனையும் தானே விளங்கும். இடது, வலது சக்கரங்களை ஒரு முறுக்குக் கம்பி இணைக்கிறது. அந்தக் கம்பியின் இரு முனைகளையும் சஸ்பென்ஷனோடு பிணைப்பவை இந்த லிங்க் ராடுகள். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் கம்பி முறுக்கேறுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போதுதான் கம்பி முறுக்கி, ராடின் இரு முனைகளிலும் உள்ள சிறு பால் ஜாயின்ட்டுகள் வேலை செய்கின்றன. ஆகவே அகலமான வேகத்தடையை நேராக ஏறி இறங்குங்கள். பிறகு அதே வேகத்தடையைச் சாய்வாக, ஒரு சக்கரம் முதலில் ஏறுமாறு கடந்து பாருங்கள். நேராகப் போகும்போது ஏறத்தாழ அமைதியாகவும், சாய்வாகப் போகும்போது 'டக் டக்' என்றும் இருந்தால் லிங்க் ராடைப் பாருங்கள். வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே ராடின் முனையில் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னால், தேய்ந்த ஜாயின்ட்டின் 'டிக்' விரலுக்குத் தெரியும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்துச் சோதித்தால் கம்பி முறுக்கேறி இடைவெளியை மறைத்துவிடும். 'ராடு நன்றாகத்தான் இருக்கிறது' என்று பட்டறைகளிலேயே தவறாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

மற்றவற்றுக்கும் தனித்தனி நேரம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டொக்', ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் மறுபடி ஒரு 'டொக்' என்றால், சக்கரத்தை அடியில் வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது. வண்டி நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால், ஷாக் அப்சார்பரின் மேல் முனையில் உள்ள மவுன்ட்டும் பேரிங்கும் இறுகியிருக்கின்றன. பெரிய குழியில் கனமான ஒற்றை இடியும், அதன்பின் வண்டி இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடுவதும், ஷாக் அப்சார்பரின் உடல் எண்ணெய் வடிந்து தூசு படிந்திருப்பதும் சேர்ந்திருந்தால் அப்போது அதை மாற்றுங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்; அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

ரப்பர் புஷ் மாற்றும் பட்டறையில் நீங்கள் அருகே நின்று பார்க்க வேண்டிய ஒரு காரியம் உண்டு. ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுத்துவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நின்று, சீக்கிரமே கிழிந்துவிடும். சக்கரம் தரையில் பதிந்து, வண்டியின் எடை அதன் மீது இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். பணிவாக நினைவூட்டினால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருப்பத்திலும் கிளம்பும்போதும்

பிரெஸ்ஸா, நெக்ஸான், கிரெட்டா போன்ற வண்டிகளில் இன்ஜின் விசை முன் சக்கரங்களுக்குச் செல்கிறது. அவற்றில் ஸ்டீயரிங்கை முழுவதும் வளைத்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'கடக் கடக்' என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை கிழிந்து, கரிய கிரீஸ் ரிம்மின் உட்புறத்தில் வட்டமாகத் தெறித்திருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுவிட்டால் உறையையும் கிரீஸையும் மட்டும் மாற்றித் தப்பிக்கலாம்.

ஸ்கார்ப்பியோ, பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்று சட்டத்தின் மேல் கட்டப்பட்ட, பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டிகளில் கதை வேறு. முதல் கியரில் கிளம்பும்போதும் ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் அடியில் 'டங்' என்று ஓர் அடி விழுந்தால், நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு ஜாயின்ட்டைப் பாருங்கள். கிரீஸ் ஏற்றும் முனை இருந்தால் முதலில் கிரீஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

பிரேக்கின் பேச்சு

இரவு மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்குகளில் 'சர்ர்' என்று உரசுவது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. கடற்கரை ஊர்களில் இது அன்றாட நிகழ்ச்சி, தானே மறையும். பிரேக்கில் கால் வைக்காதபோதும் மெல்லிய 'கிரீச்' தொடர்ந்து கேட்டு, கால் வைத்தால் மாறினால், பேடில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டுவிட்டது; பேடு சில மில்லிமீட்டர்தான் மிச்சம். மண் சாலையில் போய்வந்ததும் காது கிழியும் அலறல் திடீரென்று எழுந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் இடையே சிறு கல் மாட்டியிருக்கும். மெதுவாக ரிவர்ஸில் இருபது அடி போய்ப் பாருங்கள், பெரும்பாலும் விழுந்துவிடும்.

உள்ளே கேட்பவை

ஃபேன் வேகத்தைக் கூட்டினால் கூடும் படபடப்பு ஏ.சி. புளோயரில் சிக்கிய வேப்பிலையாக இருக்கலாம். முன்பெட்டிக்குப் பின்னாலுள்ள காற்று வடிகட்டியைக் கழற்றினால் தெரியும். எலிக்கூடும் கிடைக்கலாம். எண்பதுக்கு மேல் விசில் அடித்தால், மேலே பொருத்திய கேரியர் கம்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். கதவோரம் 'நறநற' என்றால் ரப்பர் பட்டையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் தெளிப்பான் அடியுங்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் அதற்கு மருந்தல்ல. எண்ணெய்ப் பிசுக்கில் மணல் ஒட்டும். பெட்ரோலிய எண்ணெய்கள் அந்த ரப்பரை ஊதவைத்துவிடும்.

ஜாக்கியும் பட்டறையும்

மேலே சொன்ன சோதனைகளில் சிலவற்றுக்குச் சக்கரத்தைத் தூக்க வேண்டும். கடலோரத்து மணல் தரையில் ஜாக்கி கண்முன்னே சாய்ந்து இறங்கும். ஒன்றரை அடி சதுரமுள்ள கெட்டியான பலகையை அடியில் வையுங்கள். எதிர்ச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தாங்கு முக்காலி போட்ட பிறகே மற்ற வேலை. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது.

பட்டறைக்குப் போகும்போது, 'லிங்க் ராடு மாற்றுங்கள்' என்று பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் அதை மாற்றித் தருவார்கள், சத்தத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. 'முப்பது வேகத்தில், ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மட்டும், முன்பக்கம் டக் டக் என்று வருகிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் வருவதில்லை' என்று குறிப்பேட்டைப் படித்துக் காட்டுங்கள். மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வரும் கணத்தில் 'இதுதான்' என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, கையால் ஆட்டிப் பாருங்கள். லோயர் ஆர்ம் போன்றவற்றைத் தொட்டிருந்தால் அன்றே அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். பில்லைக் கட்டுவதற்கு முன் அதே பாதையில், அதே வேகத்தில், அதே ஆளோடு ஒருமுறை ஓட்டுங்கள். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, கழற்றி மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை நீங்களே ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.